சின்னையாவின் இரண்டாவது சாவு

யோகராஜா தன் சின்னையாவை இரண்டாம் முறை சாகடித்தது ஒரு வியாழக்கிழமை பின்னேரம், எட்டாம் நம்பர் டிராமில், நின்றுகொண்டே. உட்கார இடம் கிடைத்திருந்தால் ஒருவேளை யோசித்திருப்பார். ஒரு கையால் கம்பியையும் மறு கையால் தொலைபேசியையும் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதனுக்குப் புத்தியைப் பிடித்து வைக்க மூன்றாவது கை ஏது?

மறுமுனையில் இராஜசிங்கம். சனிக்கிழமை அவருக்கு மணிவிழா. அறுபது வயது நிறைவதை மண்டபம் எடுத்து, மேடை கட்டி, மின்குமிழ் தொங்கவிட்டுக் கொண்டாடுகிறார். பாட்டுக் கச்சேரியும் உண்டு. பாடப்போகிறவரும் அவரே. தங்கமான மனிதர்தான். சுவிஸின் பேர்ண் நகரில் யாராவது வீடு மாறினால் கூப்பிடாமலே தன் வான் வண்டியோடு வந்து நிற்பார். ஆனால் மைக்கைக் கையில் கொடுத்தால் திருப்பித் தரமாட்டார். போன பொங்கலுக்கு அவர் பாடத் தொடங்கும்போது மடியில் கிடந்த குழந்தை, பாடி முடிக்கும்போது தவழ்ந்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது யோகராஜாதான்.

யோகராஜாவுக்கு வேண்டியிருந்தது நித்திரை ஒன்றுதான். ஆஸ்பத்திரிச் சமையலறையில் அந்தக் கிழமை முழுக்க விடியற்காலை வேலை. அதைவிட, ஞாயிற்றுக்கிழமை கனகரத்தினம் வீட்டுக்கு வருகிறார். அந்த நாளிலாவது கண் வீங்காமல், கொட்டாவி விடாமல், மனிசரைப்போல் கதிரையில் இருக்க வேண்டும்.

கனகரத்தினம் பாசல் நகரில் இருப்பவர். வேணுகாவின் தகப்பன். யோகராஜாவின் மகன் கோபிசனும் வேணுகாவும் ஒருவரையொருவர் விரும்பி மூன்று வருடமாகிறது. சம்மந்தம் கதைக்க இதுவரை மூன்று முறை நாள் வைத்தாயிற்று. முதல் முறை கனகரத்தினத்துக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு. இரண்டாம் முறை பிரெஷர். மூன்றாம் முறை அவருடைய கார் பெருந்தெருவில் நின்றுவிட்டது. "காருக்கும் பிரெஷராக்கும்" என்றார் யோகராஜா. வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. வேணுகா இந்த முறை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துதான் தகப்பனின் வாயிலிருந்து "ஓம், வாறன்" என்ற சொல்லை எடுத்திருந்தாள்.

அன்று காலைதான் யோகராஜா வேலையிடத்தில் ஓர் அதிசயம் கண்டிருந்தார். தலைமைச் சமையல்காரர் எல்லோரையும் கோடை விருந்துக்கு அழைத்தபோது ஒரு சுவிஸ்காரப் பெண், "லைடர் பின் இஹ் ஃபெர்ஹிண்டர்ட்" என்றாள். மன்னிக்க வேண்டும், எனக்குத் தடை இருக்கிறது. அவ்வளவுதான். என்ன தடை, யாருடைய தடை என்று ஒரு சீவன் கேட்கவில்லை. தலைமைச் சமையல்காரர் தலையை ஆட்டிவிட்டுக் கரட் வெட்டப் போய்விட்டார். யோகராஜாவுக்குக் கண் கலங்கியது. அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதைத்தான் இப்போது டிராமில் தமிழில் பரீட்சித்துப் பார்த்தார்.

"அண்ணை, சனிக்கிழமை எனக்கு ஒரு தடை இருக்கு."

"என்ன தடை?" என்றார் இராஜசிங்கம்.

பரீட்சை அத்தோடு முடிந்தது.

"இல்லை... உடம்பு கொஞ்சம் ஏலாமல் கிடக்கு."

"அதுக்கென்ன, முன் வரிசையிலை டொக்டர் இருக்கிறார். அவருக்குப் பக்கத்திலை உமக்கொரு கதிரை போடுவிக்கிறன்."

"வேலைக்கும் கூப்பிடுவாங்கள் போலை கிடக்கு."

"சனிக்கிழமை உமக்கு லீவெண்டு என்ரை மனுசி சொன்னவ. அவவும் அந்த ஆஸ்பத்திரியிலைதானே கிளீனிங்."

"பத்மினிக்கும் காய்ச்சல், அண்ணை."

"ஆர், பத்மினிக்கோ? இப்பதான் தமிழ்க் கடையிலை கண்டனான். நண்டு வாங்கிக்கொண்டு நிண்டவ. அந்தப் பையைக் காய்ச்சல்காரி தூக்குவாவோ?"

தமிழனுடைய சாட்டுகள் எல்லாவற்றுக்கும் ராஜா துடக்கு. நெருங்கிய உரித்தில் ஒரு சாவு என்றால் அந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, நல்ல காரியம் நடக்கிற வாசற்படியில் கால் வைக்கக் கூடாது. மற்றச் சாட்டுகளுக்கெல்லாம் "அதுக்கென்ன, வாரும்" என்பார்கள். துடக்கென்றால் வந்தால்தான் பிழை. டொக்டரின் கடிதமும் தேவையில்லை.

"துடக்கு, அண்ணை" என்றார் யோகராஜா.

"ஐயோ, ஆரப்பா?" என்றார் இராஜசிங்கம், குரலைத் தாழ்த்தி.

யோகராஜாவின் மனம் உலகப் படத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. டொரொண்டோப் பெரியப்பா? பாவம், போன கிழமைதான் கண் ஒப்பரேசன். லண்டன் அண்ணை? பிள்ளைகள் இன்னும் படிக்கிறார்கள். உயிரோடு திரிகிற ஒருவரை வாயால் சாகடிக்க அவருக்கு நா எழவில்லை. சொன்னது பலித்துவிட்டால்? ஆகவே, இனிமேல் எந்தச் சேதமும் வரமுடியாத ஒருவரைத் தெரிவு செய்தார்.

"நாகமுத்துச் சின்னையா. பரிசிலை."

யோகராஜாவின் தகப்பனின் தம்பி நாகமுத்துச் சின்னையா பிரான்சின் பரிஸ் நகரில் இறந்தது சத்தியமான உண்மை. இறந்து இருபது வருடம் என்பதை மட்டும் யோகராஜா சொல்லவில்லை.

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்" என்றார் இராஜசிங்கம், குரல் தழுதழுக்க. "மிச்சத்தை நான் பாக்கிறன்."

ஆபத்து அந்தக் கடைசி வசனத்தில்தான் இருந்தது. இராஜசிங்கம் பார்க்கிறேன் என்றால் பார்த்துவிடுவார்.

டிராம் பெத்லகேமை அடைந்தது. அதுதான் அவர்கள் குடியிருக்கும் பகுதியின் பெயர். "பெத்லகேமிலை குடியிருக்கிற ஒரே சைவப்பழம் நான்தான், ஆனால் ஞானிகள் ஒருத்தரும் பரிசோடை வாறேல்லை" என்பது யோகராஜாவின் பழைய பகிடி. அன்று வீட்டு வாசலில் ஞானி இல்லை, பத்மினி நின்றாள். கையில் தொலைபேசி. அதில் குத்துவிளக்குப் படமும், அதன் கீழே, "எமது யோகராஜாவின் குடும்பத்தாருக்கு ஏற்பட்ட துயரத்தில் பங்குகொள்கிறோம்" என்ற எழுத்தும். பேர்ண் தமிழர் எல்லோரும் இருக்கிற வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்கள். கீழே பூக்கள் விழுந்துகொண்டே இருந்தன.

"இஞ்சாருங்கோ, ஆர் செத்தது? பன்னிரண்டு பேர் எனக்கு எடுத்து அழுதிட்டினம். நானும் ஆரெண்டு தெரியாமல் சேர்ந்து அழுதுபோட்டு நிக்கிறன்."

யோகராஜா சொன்னார். பத்மினி மறு கையை இடுப்பில் வைத்தாள்.

"இருபது வருசமாப் படுத்திருந்த மனுசனை எழுப்பித் திரும்பச் சாகடிச்சுப்போட்டியளோ?"

"உயிரோடை இருக்கிற ஒருத்தரைச் சொல்லேல்லைத்தானே" என்றார் யோகராஜா.

"அதுக்கு உங்களுக்குப் பொன்னாடை போர்க்கட்டோ?"

அவள் நேரே போய்ச் சாமித்தட்டின் திரையை இழுத்து மூடினாள். நண்டைக் குளிர்பெட்டியின் அடியில் தள்ளினாள். பொய்த் துடக்குத்தானே, நண்டு என்ன செய்தது என்று யோகராஜா கேட்டுப் பார்த்தார். "வாயாலை சொன்னால் துடக்குத்தான். மேல் வீட்டிலையும் யாழ்ப்பாணத்தார். துடக்கு வீட்டிலை நண்டு மணந்தால் என்ரை மானம் சூரிச் வரைக்கும் போகும்" என்றாள். அன்றிரவு இடியப்பமும் வெறும் சொதியும்.

உண்மையான இடி வெள்ளிக்கிழமை விழுந்தது. கனகரத்தினம் எடுத்தார். செய்தி பாசலுக்கும் போயிருந்தது. குரல் பக்குவமாக, மரியாதையாக இருந்தது. கத்தி வைப்பதற்கு முன் டொக்டர்மார் கதைக்கிற குரல்.

"கேள்விப்பட்டன். துடக்கு வீட்டிலை நல்ல காரியம் கதைக்கிறது முறையில்லைத்தானே. துடக்குக் கழிய ஆடி பிறந்திடும். ஆடியிலை ஒண்டும் செய்யேலாது. ஆவணியிலை நாங்கள் ஊருக்குப் போறம். புரட்டாசியும் சரிவராது. ஐப்பசியிலை பாப்பம், என்ன?"

கோபிசன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"அப்பா, வேணுகா ரெண்டு நாள் பட்டினி கிடந்து எடுத்த 'ஓம்' அது. ஐப்பசி வரைக்கும் விட்டால் அவர் மனம் மாறிடுவார். பிறகு வாழ்க்கையிலை அவர் ஓமெண்டு சொல்லமாட்டார். நீங்கள் ஒரு பாட்டுக்குப் பயந்து..."

"ஒரு பாட்டெண்டால் போயிருப்பனடா" என்று சொல்ல வாயெடுத்தார் யோகராஜா. மகனின் கண்ணைப் பார்த்ததும் பகிடி தொண்டைக்குள் திரும்பிப் போய்விட்டது. பிழை முழுக்கத் தன்னுடையது. அது தெரிந்தது. என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. 'சின்னையா சாகவில்லை' என்று சொல்லலாம் என்றால், அவர் செத்துத்தானே இருக்கிறார்!

சனிக்கிழமை ஆசைப்பட்ட நித்திரையும் வாய்க்கவில்லை. துக்கம் விசாரித்துத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை இராஜசிங்கத்திடமிருந்து ஒரு குரல்செய்தி வந்திருந்தது. பாடிப் பாடி அடைத்துப்போன குரல்.

"யோகன், குறை நினையாதையும். நீர் வராமல் எனக்கு மண்டபம் வெறுமையாக் கிடந்தது. உம்மடை சின்னையாவின்ரை பேரைச் சொல்லி, எல்லாரும் எழும்பி நிண்டு ஒரு நிமிசம் மௌன அஞ்சலி செலுத்திப்போட்டுத்தான் கேக் வெட்டினனான்."

யோகராஜா தலையில் கைவைத்துக்கொண்டு சோபாவில் சரிந்தார். அப்போது துக்கவீட்டுக்காரரைப் போலவே இருந்தார். அதனால், கதவு மணி அடித்து கனகரத்தினமும் மனைவி கஜலக்சுமியும் உள்ளே வந்தபோது அவர் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

நல்ல காரியத்துக்குத்தான் துடக்கு வீட்டுக்கு வரக்கூடாது. துக்கம் விசாரிக்க வரலாம், வராவிட்டால்தான் குறை. கஜலக்சுமி ஒரு பாத்திரத்தில் மரக்கறிச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். அதைப் பத்மினியிடம் கொடுத்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுதாள். பத்மினிக்கு வேறு வழியில்லை. அவளும் அழுதாள்.

"வேணுகா வரேல்லையோ?" என்று கேட்டான் கோபிசன்.

"கீழை காருக்குள்ளை இருக்கிறா. சம்மந்தம் முடிவாக முந்திப் பொம்பிளைப் பிள்ளை மாப்பிள்ளை வீட்டு வாசலிலை ஏறுறதில்லை" என்றார் கனகரத்தினம்.

அடுத்த நொடி கோபிசனின் கையில் வெற்றுப் போத்தல்கள் நிறைந்த பை ஒன்று தோன்றியது. "போத்தல் போட்டிட்டு வாறன்."

"ஞாயித்துக்கிழமை இந்த நாட்டிலை தெருத்தொட்டியிலை போத்தல் போடேலாது, சத்தம் கேக்குமெண்டு தடை, தம்பி" என்றார் கனகரத்தினம்.

"போடேலுமோ எண்டு பாத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு அவன் படியில் இறங்கி ஓடினான்.

இனி யோகராஜாவும் கனகரத்தினமும் எதிரெதிரே. பெண்கள் சமையலறையில். கனகரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு விசாரிக்கத் தொடங்கினார்.

"என்ன வருத்தம்?"

"ஹாட் அற்றாக்."

"எப்ப?"

"புதன்கிழமை."

"நீர் போகேல்லையோ?"

"ஷிஃப்ட் மாத்தித் தரேல்லை."

"பாவம். எப்பிடியான மனுசன்?"

இந்தக் கேள்விக்கு மட்டும் யோகராஜாவிடம் பொய் தேவைப்படவில்லை. வாய் திறந்ததும் தானாக வந்தது. தகப்பனில்லாத தனக்கு முதன்முதலில் சைக்கிள் பழக்கியது சின்னையாதான் என்றார். பழக்கிய சைக்கிளையே பிறகு விற்றுத் தன்னை வெளிநாட்டுக்கு ஏற்றிவிட்டவரும் அவர்தான் என்றார். பிறகு அவரும் பரிசுக்கு வந்து, ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் கூப்பிட்டு, "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்பார், என்ன சொன்னாலும், "உப்புக் கூடப் போட்டிருப்பாய், எனக்குத் தெரியும்" என்பார். சொல்லச் சொல்ல யோகராஜாவின் குரல் உடைந்தது. இருபது வருடத்துக்கு முன் அழுது முடித்தது என்று அவர் நினைத்திருந்த மிச்சம் அங்கேதான் இருந்திருக்கிறது.

கனகரத்தினம் எழுந்து, "வெளியிலை வாரும்" என்று பல்கனிக்கு நடந்தார். யோகராஜா பின்னால் போனார்.

"ரசத்துக்கு மிளகு கையாலைதான் குத்துவார், என்ன?" என்றார் கனகரத்தினம்.

"ஓம்... உங்களுக்கு எப்பிடி...?"

"பாசலுக்கு வரமுந்தி நான் பரிசிலை இருந்தனான். லா சப்பலுக்குக் கிட்ட ஒரே அறையிலை ஏழெட்டுப் பேர். சமையல் நாகமுத்தண்ணை. நேற்று மணிவிழாவிலை எழும்பி நிண்டு அஞ்சலி செய்யேக்கைதான் பேரைக் கேட்டன். பரிசிலை நாகமுத்து. உம்மடை ஊர், உம்மடை குடும்பம். விளங்கியிட்டுது." கனகரத்தினம் சுவரில் சாய்ந்தார். "அவற்றை பெட்டியைக் காவினதிலை நானும் ஒருத்தன், யோகராஜா. இருபது வருசத்துக்கு முந்தி. அதுக்குப் பிறகு மனுசன் எழும்பி வந்ததை எனக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லை."

யோகராஜாவுக்கு விளங்கியது. முடிந்தது. பொய்காரன் வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள்?

"அண்ணை," என்றார், "பிழை என்ரை. பெடியன்ரை இல்லை. அவனுக்குப் பொய் சொல்லவே வராது. இப்ப பாத்தனீங்கள்தானே, போத்தல் போடப் போறனெண்டான். என்னைத் தள்ளிவையுங்கோ. பிள்ளையளைத் தள்ளிவையாதேங்கோ."

கனகரத்தினம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் செத்தவீட்டுக்கும் நீர் வரேல்லை" என்றார்.

"அப்ப எனக்கு இந்த நாட்டை விட்டு வெளிக்கிடேலாத அகதி அட்டை. ரெயிலேறினால் எல்லையிலை பிடிச்சுத் திருப்புவாங்கள். அண்டைக்கு நான் சொன்னது சாட்டில்லை, அண்ணை."

"தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலிலை கிடந்துகொண்டு அவர் சொன்னவர். 'அண்ணன்ரை பெடியன் பேர்ணிலை இருக்கிறான். வர ஏலாமல் துடிப்பான். அவன் வரேல்லையெண்டு ஒருத்தரும் குறை சொல்லக் கூடாது.' அவ்வளவு பேருக்கும் சத்தியம் பண்ணுவிச்சவர். சத்தியம் பண்ணினதிலை நானும் ஒருத்தன். இப்ப எப்பிடிக் குறை சொல்லுறது?"

வாழ்க்கையிலேயே யோகராஜாவுக்கு வாய் வராத இரண்டாவது சந்தர்ப்பம் இது. முதலாவது பத்மினியைப் பெண் பார்க்கப் போனபோது.

"நான் மட்டும் என்ன திறமோ?" என்றார் கனகரத்தினம். "நாரிப்பிடிப்பும் பொய். பிரெஷரும் பொய். கார் மட்டும் உண்மையா நிண்டது. அதைத்தான் ஒருத்தரும் நம்பேல்லை."

"ஏன் அண்ணை?"

"ஒரே பிள்ளை. இல்லையெண்டு சொல்ல உம்மடை பெடியனிலை ஒரு குறையும் இல்லை. ஓமெண்டு சொன்னால் வீடு வெறிச்சுப் போகும். அப்ப வேறை என்ன செய்ய? நாரிதான் பிடிச்சுது."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தது என்று பின்னால் பல தடவை விவாதம் நடந்தது. சமையலறையில் இரண்டாவது பாட்டம் அழுகைக்குத் தயாராகிக்கொண்டிருந்த பெண்கள், துக்க வீட்டில் இதென்ன கூத்து என்று ஓடிவந்தார்கள்.

"ஆனால் துடக்குத் துடக்குத்தான்" என்று கனகரத்தினம் திடீரென்று முகத்தை இறுக்கினார். யோகராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஊர் முழுக்கச் சொல்லியாச்சு. முறை எண்டு ஒண்டு இருக்கு. சாவை உடனை கேள்விப்பட்டால் முப்பத்தொண்டு. வருசம் கழிச்சுக் கேள்விப்பட்டால்?"

பத்மினி முந்திக்கொண்டாள். "தலைமுழுகினால் சரி!"

"அவ்வளவுதான். இருபது வருசத்துப் பழைய சாவு இது. யோகராஜா, போம், போய் முழுகிப்போட்டு வாரும். தங்கச்சி, நீங்களும். நாங்கள் இருக்கிறம். நல்ல காரியம் கதைக்கத்தானே வந்தனாங்கள்."

ஒரே ஒரு குளியலறை. யோகராஜா முதலில் ஓடினார். தலையில் தண்ணீர் விழுந்தபோது உள்ளேயிருந்து உரத்த பாட்டுச் சத்தம் கேட்டது. சுருதியில் இராஜசிங்கத்தைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் முறையிடுவார் என்று பத்மினி கதவில் தட்டினாள். அவர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது தலையிலிருந்து வழிந்த தண்ணீர் சோபாவரை கோடு போட்டது.

"ஒரு நிபந்தனை" என்றார் கனகரத்தினம். "கலியாணத்துக்குப் பாட்டு இராஜசிங்கம்தான். தெரியாத ஒரு மனுசனுக்காகத் தன்ரை விழாவிலை எழும்பி நிண்டவர். நீர் முன் வரிசையிலை இருந்து, கடைசிப் பாட்டுவரைக்கும் கேக்கவேணும். நாரிப்பிடிப்பு, தடை ஒண்டும் செல்லாது."

"ரெண்டு தரம் பாடச் சொல்லுறன், சம்மந்தி" என்றார் யோகராஜா. அந்தச் சொல்லை அவர் முதன்முதலாக வாயில் வைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. மணிவிழாக்காரர் வீட்டுக்கு நாளைக்கே ஒரு வாழைக்குலையோடு போய் உண்மையைச் சொல்லி, ஏச்சு வாங்கிக்கொண்டு, அவர் பாட ஆசைப்பட்டால் அங்கேயே ஒரு கச்சேரியும் கேட்டுவிட்டு வருவது என்று மனதுக்குள் முடிவெடுத்தார்.

பத்மினி சாமித்தட்டின் திரையைத் திறந்தாள். ஈரக் கூந்தலோடு விளக்கை ஏற்றினாள். கஜலக்சுமி வெற்றிலையைத் தேடி, கிடைக்காமல், மேல் வீட்டுக்கு வாங்கப் போனாள்.

கனகரத்தினம் மறுபடி பல்கனிக்குப் போனார். யோகராஜாவும் போய்ப் பக்கத்தில் நின்றார். கீழே கார்த் தரிப்பிடத்து மதிலில் கோபிசனும் வேணுகாவும் இருந்தார்கள், நடுவில் போத்தல் பை. இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்தபடி, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளைப்போல.

கனகரத்தினம் கூப்பிட வாயைத் திறந்தார். அதை மூடிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பிள்ளை! மேலை வாம்மா."

வேணுகா நிமிர்ந்து பார்த்தாள். தகப்பனுக்குப் பக்கத்தில் தலை சொட்டச் சொட்ட நிற்கிற மாமாவைப் பார்த்தாள். ஒன்றும் விளங்காவிட்டாலும் விளங்க வேண்டியது விளங்கிவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை, படிக்கட்டில் காலடிச் சத்தம் தடதடவென்று ஏறிவந்தது. பின்னால் போத்தல்கள் கலகலத்தன.

கனகரத்தினம் மூக்கை உறிஞ்சினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தடிமன், மூக்கு ஓடுது" என்றார்.

ஆனி மாதத்து வெயில் பல்கனிக் கம்பியைத் தொட முடியாமல் காய்ச்சிவைத்திருந்தது. யோகராஜா தோளிலிருந்த துவாயின் ஈரம்படாத பக்கத்தைப் பார்த்து எடுத்து நீட்டினார்.

"ஓம் சம்மந்தி, சரியான குளிர்தானே."